பூட்டனைத் தேட எந்த வழி? வன்னிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

போன கார்த்திகையில் ரொறொன்ரோவிலிருந்து என் பெறாமகள் எழுதியிருந்தாள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறதாம். டி.என்.ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குவதா, அல்லது இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊருக்கு ரிக்கற் போடுவதா என்று கேட்டிருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவளுடைய பூட்டன், அதாவது என் அப்பப்பா, கிளிநொச்சிக்கு எங்கிருந்து வந்தார்? இதற்கு எங்கள் வீட்டிலேயே மூன்று விடை உண்டு. பெரியப்பா முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை என்பார். அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சி என்பார். சின்னம்மா "இந்தியாப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவா.

இதே கேள்வியை வவுனியாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வேறு உருவங்களில் கேட்டிருக்கிறார்கள். நான் இதைப் பொழுதுபோக்காகப் பத்து வருடமாகச் செய்கிறவன், அவ்வளவுதான். பெரியவர்களிடம் கேள், பிறகு ஆவணத்தால் சரிபார் என்பது இந்த வேலையின் பொதுவிதி. வன்னியில் அந்த விதியின் பின்பாதி நொண்டும். ஏனென்று வழியில் தெரியும்.

## முதலில் அளவுகோல்

ஒரு வழியை எடைபோட நான் ஐந்து கேள்வி கேட்பேன். அது எத்தனை தலைமுறை பின்னுக்குக் கூட்டிப்போகும்? இடம்பெயர்வுகளுக்குப் பிறகு அதில் என்ன மிஞ்சியிருக்கிறது? காசு, நாள், மனம் ஆகிய மூன்றிலும் என்ன செலவு? பிழை எங்கிருந்து நுழையும்? கடைசியாக, அது எனக்காகக் காத்திருக்குமா?

ஐந்தாவது கேள்வியைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பதிவேடு அடுத்த வருடமும் இருக்கலாம். எண்பத்தொரு வயது மாமியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

| வழி | எட்டும் தூரம் | காசு | காத்திருக்குமா | பெரிய பொறி |
|---|---|---|---|---|
| வாய்மொழி | 3 தலைமுறை திடம், நாலாவது மங்கல் | மிகக் குறைவு | காத்திராது | ஒரே பெயரில் பலர் |
| பதிவாளர் பத்திரம் | 3 முதல் 5 | குறைவு, நாட்கள் அதிகம் | பெரும்பாலும் | பின்னாளில் வாய்ச்சொல்லால் நிரப்பிய பதிவு |
| காணிக் கோவை, உறுதி | 2 முதல் 4 | நடுத்தரம் | ஆம் | உறவினரின் சந்தேகம் |
| கோயில், தேவாலயம், கல்வெட்டு | ஊருக்கு ஊர் மாறும் | குறைவு | பாதிக்குப் பாதி | புகழ்ச்சிக்காக எழுதியது |
| டி.என்.ஏ | பெயர் தராது, உறவு மட்டும் | அதிகம் | ஆம் | மச்சான் மச்சாள் கலியாணம் |

## வாய்மொழி

ஒரு பை சீனி, தேயிலை, ஒரு நெஸ்ரமோல்ட் பெட்டி. காசுச் செலவு இவ்வளவுதான். போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிடலாம். கண்ணில் பட்டால் குரல் மாறிவிடும்.

ஆண்டைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நிகழ்வைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். "அப்பப்பா காடு வெட்டினது சூறாவளிக்கு முந்தியோ பிந்தியோ?" என்றால் 1964 மார்கழி ஒரு எல்லையாகிவிடும். "விதானையார் இருக்கேக்கையோ, ஜி.எஸ். வந்த பிறகோ?" என்றால் 1963 ஒரு கோடு, ஏனென்றால் அந்த ஆண்டோடுதான் பழைய தலைமைக்காரர் முறை போய்க் கிராமசேவகர் வந்தார். 58 கலவரம், இரண்டாம் உலகச் சண்டைக்கால அரிசிப் பஞ்சம், சிறிமா காலத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைப்பட்ட வருடங்கள் என்று வன்னி ஆட்களிடம் நல்ல நாட்காட்டி ஒன்று இருக்கிறது. அது எண்ணில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

பெயர்தான் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு கதை முடிந்துவிடும். மேலதிகமாக, பேரனின், அதாவது பாட்டனின், பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம். ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். நான் எழுதிய ஒரு ஊர்ப் பட்டியலில் ஐந்து கந்தையா. அவர்களைப் பிரிக்க உதவியது பட்டப்பெயர்: பரியாரி கந்தையா, வண்டில் கந்தையா. ஆகவே பெயரை எழுதுகிற இடத்தில் பட்டப்பெயரையும் கட்டாயம் எழுதுங்கள், அது கொஞ்சம் முகம் சுழிக்க வைக்கிற பெயராக இருந்தாலும்.

பெண்களின் வழியைப் பிடிக்க எனக்குக் கைகொடுத்த கேள்வி ஒன்று உண்டு: "தலைப்பிள்ளை எங்க பிறந்தது?" முதற்பேறு தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஆகவே மூத்த பிள்ளை பிறந்த ஊர் பெரும்பாலும் பூட்டியின் ஊர்.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது, நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்ற சந்தேகம். வெளிநாட்டிலிருந்து வந்து கொப்பாட்டன் பெயர் கேட்கிறவன் காணிக்குத்தான் வந்திருக்கிறான் என்று ஊர் நினைக்கும். என்னிடமே ஒரு பெரியவர் முக்கால் மணித்தியாலம் பேசிவிட்டு, "அது சரி தம்பி, எந்தத் துண்டைப் பற்றிக் கேக்கிறியள்?" என்றார். ஊரில் மதிப்புள்ள ஒருவரோடு போவது நல்லது. உறுதி, பத்திரம் என்ற சொற்களை முதல் நாளில் வாயிலே எடுக்கவேண்டாம்.

இரண்டாவது, காசில் அளக்க முடியாதது. பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பெயரில் நின்றுவிடுவார்கள். குடும்பமரம் வரைகிற செயலிகள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம் கேட்கும்: உயிருடன் இருப்பவரா, காலமானவரா. மூன்றாவது கட்டம் அவற்றில் இல்லை. 2009-இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு திரும்பி வராத மகனைப் பற்றி ஒரு தாய் "அவன் இனிப்புக் கூடச் சாப்பிடுறவன்" என்று சொல்லும்போது, நான் கொப்பியில் அதே சொல்லைத்தான் எழுதுவேன். செயலியில் அந்தக் கட்டத்தைத் தொடமாட்டேன். மரணச் சான்றிதழை வாங்கவே மறுத்த தாய்மார் இங்கே பலர். குடும்பமரத்துக்காக அவர்களிடம் திகதி கேட்க எனக்கு உரிமையில்லை. அந்தப் பெயருக்குப் பிறகு பேச்சைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். ஒரு வீட்டில் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவவே கூப்பிட்டா.

எப்போது இதுவே நல்லது: எழுபத்தைந்து தாண்டிய ஒருவராவது குடும்பத்தில் இருந்தால். வேறெதையும் யோசிக்காதீர்கள்.

## பதிவாளரின் கடதாசி

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867-இல் வந்தது. கணக்குப்படி ஐந்து தலைமுறை கிடைக்கவேண்டும். ஆனால் அந்தக் காலத்து வன்னியில் காட்டுக்குள் ஒதுங்கிய குளக்கரை ஊர்களில் பதிவாளரைக் கண்டுவர ஒரு நாள் வண்டிப் பயணம். பல பிறப்புகள் பதியாமலே போயின. சில, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பதியப்பட்டன.

தேடப் போகுமுன் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் ஊர் இன்று இருக்கும் மாவட்டத்தில் அன்றைக்கு இருக்கவில்லை. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. முல்லைத்தீவு 1970களின் இறுதியில்தான் தனி மாவட்டமாயிற்று. 1950களின் பதிவைத் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் தவறான கந்தோரில் அரைநாள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன். பிழை என்னுடையதுதான், ஆனால் மதியம் பன்னிரண்டரைக்கு முன் யாராவது சொல்லியிருக்கலாம்.

பதிவுகளின் மறுபிரதி கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய களஞ்சியத்துக்குப் போகிற ஏற்பாடு உண்டு. ஆகவே ஊர்க் கந்தோரில் ஏடு அழிந்துவிட்டது என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். சண்டையில் போனது எவ்வளவோ, 2004 மார்கழி சுனாமி முல்லைத்தீவுக் கரையில் கொண்டுபோனதும் அவ்வளவு. இருந்தாலும் கேட்டுப் பார்க்கத் தகும்.

எங்கள் பிறப்புப் பத்திரத்தில் ஒரு புதையல் இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையின் பேரன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதுவதற்கு ஒரு கட்டம் உண்டு. தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்தவராயின் அதற்கு இன்னொரு கட்டம். 1948 குடியுரிமைச் சட்டம் பரம்பரை கேட்டதால் வந்த கட்டங்கள் இவை. பலருடைய வாழ்க்கையைக் கெடுத்த சட்டம் அது. எழுபது வருடம் கழித்து எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெயரை மிச்சம் விட்டிருக்கிறது. என் அப்பா பிறந்தது 1956-இல். அவருடைய பத்திரத்தை இடம்பெயர்வில் தொலைத்துவிட்டோம். பிரதி எடுத்துப் பார்த்தபோது பேரனுக்கான கட்டத்தில் என் அப்பப்பாவின் தகப்பன் பெயர் இருந்தது. அது வரை வீட்டில் யாரும் உச்சரித்துக் கேட்டிராத பெயர். பிறந்த இடம்: முள்ளியவளை.

பெரியப்பா வென்றுவிட்டார் என்று நினைத்தேன். அது எவ்வளவு அவசரம் என்று பிறகு சொல்கிறேன்.

பொறிகள் இரண்டு. "பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று கண்டு பதறுகிறவர்கள் உண்டு. பழைய வன்னியில் சொந்தபந்தம் கூடிச் சோறு கொடுத்துக் கலியாணம் முடிந்துவிடும். கந்தோருக்குப் போகிற வழக்கம் பிந்தி வந்தது. சட்டத்தின் கணக்கில் "இல்லை", ஊரின் கணக்கில் கலியாணம்.

மற்றது இன்னும் ஆழமானது. 1990களிலும் 2009-க்குப் பிறகும் முகாம்களிலும் நடமாடும் சேவைகளிலும் பெருந்தொகையானோர் புதிதாகப் பத்திரம் எடுத்தார்கள். பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கிடைத்தது. அதில் எழுதப்பட்டது வரிசையில் நின்ற ஆள் நினைவிலிருந்து சொன்னது. வாய்மொழியைச் சரிபார்க்கிறோம் என்று இந்தக் கடதாசியைத் தூக்கினால் ஒரே வாய்மொழியை இரண்டு தரம் எண்ணுகிறோம். எனவே பத்திரத்தில் முதலில் பார்க்கவேண்டியது பெயரை அல்ல. பதிவு செய்த திகதியையும், தகவல் கொடுத்தவர் யார் என்பதையும். பிறந்து ஒரு மாதத்தில் பதிந்திருந்தால் அது ஒரு தரம். நாற்பது வருடம் கழித்துப் பதிந்திருந்தால் அது மாமி சொல்கிற கதைக்குச் சமம், சில வேளை அதற்கும் கீழே.

எப்போது நல்லது: கேட்க முதியவர் இல்லாதபோது. அல்லது ஒரு பெயரும் ஏறக்குறைய ஆண்டும் கையில் இருக்கும்போது. இவை இல்லாமல் போனால் நாள்தான் போகும்.

## காணிக் கோவை

இதை யாரும் குடும்ப வரலாறாக நினைப்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேற்றத் திட்டக் குடும்பங்களுக்கு இதுவே நான் கண்ட நல்ல ஊற்று.

வன்னியில் பெரும்பகுதி அரச காணி. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட் கொடுத்தார்கள். காணிக் கச்சேரி வைத்து, வந்தவர்களை விசாரித்து, ஆள் தெரிந்தார்கள். இரணைமடுவின் கீழும், பிறகு முத்தையன்கட்டு, விசுவமடு என்றும் ஆட்கள் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு கோவை திறக்கப்பட்டது. சொந்த ஊர், மனைவி, பிள்ளைகள், பின்னுரித்தாளர் என்று குடும்பத்தின் ஒரு நாள் படம் அதற்குள் இருக்கும். பெர்மிட்காரர் செத்தபோது யாருக்கு மாறியது என்பது அடுத்த படம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்கவேண்டும்.

எங்கள் அப்பப்பாவின் கோவையில் சொந்த ஊர் என்ற இடத்தில் வடமராட்சி ஊர் ஒன்று எழுதியிருந்தது. அவரே சொல்லி எழுதினது. மகனின் பிறப்புப் பத்திரத்தில் தன் தகப்பன் பிறந்தது முள்ளியவளை. தன் விண்ணப்பத்தில் தன் ஊர் வடமராட்சி. இரண்டும் அரசாங்கக் கடதாசி, இரண்டிலும் முத்திரை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பமானால் அங்கேயுள்ள உறுதிகளையும் பார்க்கலாம். ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த தேசவழமைப்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துப் பிரிகிறது. அதனால் ஒவ்வொரு உறுதியும் இந்தக் காணி யாரிடமிருந்து எப்படி வந்தது என்று முதற்பந்தியிலேயே சொல்லிவிடும். சீதன உறுதி எனக்கு மிகவும் பிடித்தது: பெண்ணின் பெயர், தாய் தகப்பன் பெயர், கொள்கிற மாப்பிள்ளையின் பெயர் எல்லாம் ஒரே தாளில். வேறெங்கும் காணாமல் போகிற பூட்டிகள் அங்கே நிற்கிறார்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது பழைய காணிப் பதிவு, பார்க்க ஆள் பிடித்தால் கூலி கொடுக்கவேண்டும்.

மறைந்த செலவு? கோவையைக் கேட்டவுடன் நாலு வீட்டில் விளக்கு எரியும். எல்லைச் சண்டை, ஆட்சியுரிமை, வெளிநாட்டுக்குப் போனவர் விட்டுப்போன துண்டு என்று தூங்கிக்கொண்டிருந்த வழக்குகள் விழிக்கும். உரித்தாளர் அல்லாதவருக்குக் கோவையைக் காட்டமாட்டார்கள், அது நியாயமும்கூட. எனவே குடும்பத்தில் இன்று பெர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அவரைக் கொண்டு கேட்பியுங்கள். முன்னரே சகோதரங்களுக்கெல்லாம் இன்ன காரணத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிய ஒரு குடும்பம் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது நல்லது: 1930களுக்கும் 1970களுக்கும் இடையில் வன்னிக்கு வந்த குடும்பத்துக்கு. பழைய ஊர்க்காரருக்கு அவ்வளவு பயனில்லை.

## கோயில், தேவாலயம், கல்வெட்டு

கத்தோலிக்கக் குடும்பமானால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன் பங்குத் தந்தையைப் போய்க் காணுங்கள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று ஏடு. ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் உறவின் கிளைகளைக் காட்டும். பழைய ஏடுகளில் இலத்தீன் வரும், பேதுரு "பெத்ருஸ்" ஆகியிருப்பார், அது பெரிய தடையில்லை. மன்னார் 1981-இல்தான் தனி மறைமாவட்டமாகியது. முல்லைத்தீவுப் பங்குகள் யாழ் மறைமாவட்டத்தோடு இருக்கின்றன. அங்கும் எல்லைக் கணக்கு வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் விவாகப் பதிவு இதே இடத்தை நிரப்பும். 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தோடு கைவிட்டுப் போனதை முதலில் புத்தளத்துப் பெரியவர்களிடம் கேட்கவேண்டும்.

இந்துக் கோயில்களில் ஏடு இல்லை, உரிமை இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் தொடங்கும் வேலைகளைப் பாருங்கள்: பாக்குத்தெண்டல், கடல்நீரெடுத்து அதிலே விளக்கேற்றுதல், மடைப்பண்டம் எடுத்தல். எந்த வேலை எந்தக் குடும்பத்துக்கு என்பது பரம்பரையாக வருகிறது. அந்த உரிமையைக் கோருகிறவர்கள் தங்கள் முன்னோரை ஏழு தலைமுறை சொல்வார்கள். அந்த வரிசையில் ஒரு தலைமுறை பெருக்கியிருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கல்வெட்டு என்றால் எங்களுக்குச் சிலாசாசனம் அல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற சிறுபுத்தகம். அதன் பின்பக்கத்தில் வம்சாவளி வரைந்திருப்பார்கள். அலுமாரியில் தேவாரப் புத்தகங்களோடு கிடக்கும், தேடுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத் தளத்தில் இப்படிப்பட்ட நினைவுமலர்கள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டிருக்கின்றன, இலவசம். பத்திரிகை மரண அறிவித்தலும் அப்படித்தான்: "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற தம்பதியர் யாருடைய மகன், யாருடைய மைத்துனர் என்று ஒரே மூச்சில் முப்பது பேரைக் கட்டிவிடும். யாரோடு கோபமோ அவர் பெயர் மட்டும் இராது. விட்டுப்போன பெயரையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜே. பி. லூயிஸ் 1895-இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கில நூலைச் சிலர் பெருநம்பிக்கையோடு திறக்கிறார்கள். ஊர், குளம், பயிர்ச்செய்கை, குடிகள் பற்றி அருமையான நூல். உங்கள் பூட்டன் அதில் இருக்கமாட்டார். அவருடைய ஊர் அன்றைக்கு எப்படி இருந்தது என்று அறியலாம்.

## டி.என்.ஏ

சலுகை நாட்களில் ஐம்பது அறுபது டொலர், மற்ற நாட்களில் நூறை ஒட்டி. எச்சிலைக் குழாயில் விட்டு அனுப்பினால் சில வாரத்தில் பதில் வரும். பதிலில் இரண்டு பகுதி. எந்தப் பிரதேசத்து மரபு என்ற சதவீதப் படம் ஒன்று. "தென்னிந்தியாவும் இலங்கையும்" என்கிற அளவில் அது நின்றுவிடும். முள்ளியவளையா வடமராட்சியா என்று அதைக் கேட்பது கடலிடம் கிணற்றுத் தண்ணீரைப் பிரித்துத் தரச் சொல்வது போல. மற்றது, அதே நிறுவனத்தில் சோதித்த வேறு யாரோடு உங்களுக்கு உறவு என்ற பட்டியல். பயன் இதில்தான்.

ஒன்றுவிட்ட சகோதரத்தோடு சராசரியாக 12.5 சதவீதம் பகிர்வோம். இரண்டுவிட்டால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றுவிட்டால் ஒரு சதவீதமும் இல்லை. இந்தக் கணக்கு, கலியாணங்கள் சொந்தத்துக்கு வெளியே நடக்கிற சமூகத்துக்குப் போட்டது. நாங்களோ தலைமுறை தலைமுறையாக மச்சானுக்கும் மச்சாளுக்கும் முடித்து வைத்தவர்கள். ஒரே பூட்டன் நாலு வழியால் உங்களுக்குப் பூட்டனாக வருவார். அதனால் தூரத்து உறவு கிட்டத்து உறவு போலத் தெரியும். பட்டியல் "இரண்டுவிட்ட" என்று சொல்கிற ஆள் உண்மையில் நாலுவிட்டவராக இருக்கலாம். அதைவிட, பொருத்தம் வரவேண்டுமானால் உங்கள் சொந்தக்காரரும் சோதித்திருக்கவேண்டும். வன்னியில் சோதித்தவர் அருமை. புலம்பெயர்ந்தவர்களில் சிலர் இருக்கிறார்கள்.

பிரான்சில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மருத்துவர், நீதிமன்றம், ஆராய்ச்சி ஆகிய தேவைகளுக்கு வெளியே தன் விருப்பத்துக்கு இப்பரிசோதனை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். 3,750 யூரோ வரை தண்டம். லண்டன் அண்ணா செய்தார் என்று பாரிஸ் தங்கச்சியும் செய்யவேண்டாம்.

மறைந்த செலவு தனியுரிமை. டி.என்.ஏ சோதிக்கிற 23அன்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் 69 இலட்சம் பேரின் விபரம் களவு போனது. 2025 பங்குனியில் அந்த நிறுவனம் வங்குரோத்துக்கு மனுக்கொடுத்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. நீங்கள் கொடுப்பதில் உங்கள் மாமியுடையதும் ஏறக்குறைய கால்வாசி கிடக்கிறது, அவவிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டில் மூடிவைத்த ஏதாவது இருந்தால், எடுத்து வளர்த்த பிள்ளை, முதற்கலியாணம், அது ஒரு மின்னஞ்சலில் வந்து நிற்கும்.

எப்போது நல்லது: பெயரே தெரியாத இடத்தில். எடுத்து வளர்க்கப்பட்டவர்கள், சண்டையில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள், வேறு வேறு நாடுகளுக்குத் தத்துப்போன சகோதரங்கள் ஆகியோருக்கு மற்ற நாலு வழியும் மூடியிருக்கும்போது இது மட்டும் திறக்கும். அவர்களுக்கு நான் தயங்காமல் இதை முதலில் சொல்வேன்.

## யாருக்கு எது

தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், பனங்காமம் போன்ற பழைய ஊர்க்காரர் வாய்மொழியோடும் கோயிலோடும் தொடங்குங்கள். கடதாசி அவர்களுக்குப் பிந்தித்தான் உதவும். குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு முதியவர், பிறகு நேரே காணிக் கோவை.

மலையகத்திலிருந்து 1977-க்கும் 1983-க்கும் பிறகு வந்து தருமபுரத்திலும் வவுனியாவின் ஓரங்களிலும் குடியிருப்பவர்களுக்கு வழி வேறு. முதலில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் வேண்டும். அடுத்து 1949-ஆம் ஆண்டின் இந்தியர் பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி போட்ட விண்ணப்பம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கலியாணமானவர் 1939 முதலும் மற்றவர் 1936 முதலும் இங்கே தொடர்ந்து இருந்ததைக் காட்டவேண்டியிருந்ததால் அதற்குள் ஒரு குடும்பக் கதையே சுருண்டு கிடக்கும். 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன கிளை இருந்தால், அப்போது கொடுத்த குடும்ப அட்டை அவர்களிடம் இருக்கலாம். பெரியவர்கள் "திருச்சி சில்லா" என்று தொடங்குகிற வாக்கியத்தை இடைமறிக்காமல் முழுதாக எழுதுங்கள். தாலுகாவும் ஊரும் அந்த வரிசையிலேயே வரும்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு முத்திரையும் சண்டை பிடித்தபோது, இரண்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் மூத்த அக்காவிடம் போனேன். மாமி மூக்குக்கண்ணாடி போடாமலே சொன்னா: "உன்ரை பூட்டன், எங்கடை அப்புவின்ரை தகப்பன், வடமராட்சி ஆள்தான். முல்லைத்தீவுக் கரைக்குச் சீசனுக்கு மீன்பிடி வாடியடிக்க வந்தவர். முள்ளியவளையிலை பெண் கட்டி அங்கையே இருந்திட்டார். அப்புவைப் பெத்ததும் அங்கைதான்." பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு அவர் வாழ்ந்த இடத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பப்பாவோ தகப்பன் வழி ஊரைத் தன் ஊர் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கதையோடு வைத்துப் படித்தால் இரண்டு கடதாசியும் சரிதான். இந்தியாக் கதையைக் கேட்டேன். "பாய்க்கப்பலிலை வேதாரணியத்துக்குப் போய்வாறவையாம்" என்று சிரித்தா. அதற்கு மேல் அதில் ஒன்றும் வரவில்லை, இன்னும் கேட்கவேண்டும்.

பெறாமகளுக்கு எழுதினேன்: பெட்டி பொறுக்கும், மாமி பொறுக்கமாட்டா. ஞாயிறு தோறும் இப்போது வீடியோவில் பேசுகிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலைப் பார்த்து வைகாசிக்கு ரிக்கற் போட்டிருக்கிறாள். வரும்போது மாமியின் காதுக் கருவிக்குப் பற்றரி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். இங்கே அந்த அளவு கிடைப்பதில்லை.